விசில் யார் கழுத்தில்

அன்றைக்கு எப்படியும் கேட்டுவிடுவது என்ற முடிவோடுதான் குச்சி சிநேகிதி வீட்டு வாசலில் இறங்கினாள். கேட்க வேண்டியது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. "வியாழக்கிழமை என்கூட ஆஸ்பத்திரிக்கு வர முடியுமா?" அவ்வளவுதான். இந்த ஒரு வாக்கியத்தைப் போய் வாரக்கணக்கில் வாய்க்குள் போட்டு மென்றுகொண்டிருந்தாள்.

மார்பில் ஒரு கட்டி. எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் இன்னதென்று சொல்ல முடியும், பயப்படாதீங்க என்று டாக்டரம்மா சொன்னார். சொன்ன முகம் பயப்படும்படிதான் இருந்தது. கொடுத்த தேதிக்கு குச்சி தன்னந்தனியாகப் போய் நின்றாள். வெறும் வயிறு, கையில் ஒரு பை, பைக்குள் மாற்றுடை. "கூட யாரு வந்திருக்கா?" என்றாள் நர்ஸ். யாரும் வரவில்லை என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். மயக்க மருந்து கொடுக்கிறார்கள் என்றால் கூட ஒரு ஆள் இருந்தே ஆக வேண்டுமாம். உள்ளே போகும்போது வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும், முழித்ததும் வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும். "டாக்ஸி டிரைவர் யாரையாவது உக்கார வெச்சா பரவாயில்லையா?" என்று கேட்டாள் குச்சி. அவள் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. நர்ஸ் வேடிக்கை என்று நினைத்து வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்து வேறு தேதி போட்டுக் கொடுத்தாள். அந்தத் தேதிதான் வருகிற வியாழக்கிழமை. இரண்டாம் தடவையும் ஆளில்லாமல் போய் நிற்பதை நினைத்தால், கட்டியை நினைப்பதைவிட அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது.

அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒரே அண்ணன், கடல் தாண்டி இருக்கிறான், பிறந்தநாளைக்குப் பேசுவான், அதுவும் அண்ணி ஞாபகப்படுத்தினால். வேலை செய்யும் இடத்தில் முதலாளியிடம் லீவு என்று மட்டும் சொல்லியிருந்தாள். அவளுக்குப் பல்செட் செய்கிற வேலை. பல் டாக்டர்கள் அனுப்புகிற அச்சில் பிளாஸ்டர் மாவைக் குழைத்து ஊற்றித் தாடை எடுப்பாள். மெழுகில் ஈறு கட்டி, பல்லை ஒவ்வொன்றாக உட்கார வைப்பாள். மேசையின் மேல் எப்போதும் யார் யாருடைய தாடைகளோ வரிசையாக வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அந்த வரிசையைப் பார்த்துத்தான் இத்தனை வாரமும் ஒத்திகை. "வியாழக்கிழமை என்கூட வர முடியுமா?" வாய் மட்டுமே இருக்கிற அந்தக் கூட்டம் ஒன்றும் சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லையே என்று அவள் சமாதானம் செய்துகொண்டாள்.

நாலு பேர் அவர்கள். படிக்கிற காலத்தில் விடுதியில் ஒரே அறை, நாலு கட்டில், ஒரே ஒரு வாளி. ஒல்லியாக இருந்தவள் குச்சி. ஓயாமல் பேசியவள் ரேடியோ. தன் தட்டைக்கூடத் தான் கழுவாமல் யார் தலையிலாவது கட்டியவள் மகாராணி. எங்கே சாய்ந்தாலும் கண்ணை மூடியவள் தூங்குமூஞ்சி. பட்டம் வைத்த வேளை நல்ல வேளை போலிருக்கிறது, இருபது வருஷத்தில் ஒருத்தியும் தன் பட்டத்துக்குத் துரோகம் செய்யவில்லை. ரேடியோ பள்ளிக்கூட டீச்சராகி சம்பளத்துக்கே பேசுகிறாள். தூங்குமூஞ்சிக்கு ராத்திரி ஷிப்ட் வேலை, அதனால் பகலில் தூங்க இப்போது காரணமும் கிடைத்துவிட்டது. மகாராணி ஒரு டைல்ஸ் வியாபாரியைக் கட்டிக்கொண்டு, பின்பக்கம் நீச்சல்குளத்தோடு வீடும் கட்டிக்கொண்டாள். வருஷா வருஷம் கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் எல்லாரும் குடும்பத்தோடு கூடுவார்கள். மகாராணிக்கு மூன்று பிள்ளைகள், மற்ற இரண்டு பேருக்கும் இரண்டிரண்டு. குச்சிக்கு விசில்.

அந்த விசிலுக்கு ஒரு கதை உண்டு. ரேடியோவின் மூத்த பையன் நடை பழகிய வயசு. ஒரு ஹோட்டல் நீச்சல்குளத்தைச் சுற்றிப் பெரியவர்கள் இத்தனை பேரும் உட்கார்ந்து கதையடித்துக்கொண்டிருந்தபோது, அவன் சத்தமில்லாமல் தண்ணீருக்குள் போய்விட்டான். அவள் பார்க்கிறாள் என்று இவள், இவள் பார்க்கிறாள் என்று அவள். குச்சிதான் தற்செயலாகத் திரும்பி, பாய்ந்து, தலைமயிரைப் பிடித்துத் தூக்கினாள். பையன் இருமிவிட்டு பிஸ்கட் கேட்டான். பெரியவர்கள்தான் அன்றைக்கு முழுக்க அவனை மடியைவிட்டு இறக்கவில்லை. மறுநாளே குச்சி ஒரு சிவப்பு விசில் வாங்கிக்கொண்டு வந்து சட்டம் போட்டாள். "எல்லாரும் பாத்துக்கறோம்னு சொன்னா ஒருத்தரும் பாக்கலன்னு அர்த்தம். இனிமே விசில் யார் கழுத்துல இருக்கோ அவங்கதான் பொறுப்பு. அவங்க பேசலாம், ஆனா தண்ணிய விட்டுக் கண்ண எடுக்கக் கூடாது. நீளமா ஊதினா எல்லாரும் அப்படியே நிக்கணும், பசங்க சுவரப் பிடிச்சிக்கிட்டுக் கையத் தூக்கணும், தலைய எண்ணணும்."

நல்ல சட்டம்தான். ஆரம்பத்தில் விசில் கழுத்துக்குக் கழுத்து மாறியது. அப்புறம் ஒருத்திக்குக் கைக்குழந்தை, ஒருத்திக்குத் தலைவலி, ஒருத்திக்கு அடுப்பில் ஏதோ. "நீ பாத்தாத்தான்டி எங்களுக்கு நிம்மதி" என்று ஒரு வருஷம் சொன்னார்கள். மறு வருஷம் அதையும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு அவள் விசில் அத்தை ஆகிப்போனாள். கோடையில் ஒரு நாள் சிநேகிதிகளைப் பார்க்க வருகிறாள் என்று பேர், அவர்களில் ஒருத்தி முகத்தையும் அவள் நேராகப் பார்த்துப் பேசி எத்தனையோ வருஷமாகிவிட்டது. அவர்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவார்கள், இவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வாள்.

இந்த வருஷம் குச்சி ஒரு நீச்சல் உடை வாங்கியிருந்தாள், கருநீல நிறம். அடுத்த கோடையில் உடம்பு எப்படி இருக்குமோ என்ற எண்ணம் வந்தபோது கால் தானாகக் கடைக்குள் போய்விட்டது. அதையும் பைக்குள் வைத்துக்கொண்டுதான் அன்றைக்கு வந்தாள்.

சமையலறையில் மகாராணி தர்பூசணியை வெட்டிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. இதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

"வந்துட்டியா! நீ வந்தாத்தான் பசங்கள உள்ள விடுவேன்னு குளத்துக் கேட்டைப் பூட்டி வெச்சிருக்கேன். காலைலேர்ந்து உயிர எடுக்குதுங்க" என்றபடியே மகாராணி ஈரக் கையோடு ஆணியில் தொங்கிய விசிலை எடுத்து அவள் கழுத்தில் மாட்டினாள். மாலை போடுகிற தோரணை.

"ஏய், வியாழக்கிழமை நீ சும்மாவா இருக்கே?"

"வியாழக்கிழமையா? என்ன, கடைக்கா? போலாம் போலாம். இந்தத் தட்டக் கொண்டுபோய் வெளிய வை. தரை ஈரம், பாத்து."

"கடைக்கு இல்லடி..."

"அம்மா, இவன் என் கண்ணாடிய உடைச்சிட்டான்!" என்று ஒரு பிள்ளை அலறிக்கொண்டு வந்தது. பின்னாலேயே உடைத்தவனும் நியாயம் பேச வந்தான். மகாராணி கத்தியும் கையுமாக நீதிபதி ஆகிவிட்டாள். குச்சி தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

அவள் கேட்டைத் திறந்ததும் ஏழு பிள்ளைகளும் தண்ணீரில் விழுந்தன. தூங்குமூஞ்சியின் கடைக்குட்டிக்கு மட்டும் கைகளில் காற்றடைத்த பட்டை. ஒருத்தன் குதிக்க, ஒருத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்க, இரண்டு பேர் ஒரு பந்துக்காக ஜென்மப் பகையாளிகளாக, ஒரே கூச்சல். குச்சி நாற்காலியைக் குளத்தின் ஓரமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அடுத்த கணம் பெரியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தளர்ந்தார்கள். ஆண்கள் நிழல் தேடிச் சீட்டாடப் போனார்கள். தூங்குமூஞ்சி சாய்வு நாற்காலியில் நீட்டிப் படுத்து முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டாள்.

ரேடியோ வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்காரும்போதே ஒலிபரப்பு ஆரம்பமாகியிருந்தது.

"அத ஏன் கேக்கறே, மாமியாருக்குக் கண் ஆபரேஷன். லீவுல பாதி நாள் ஆஸ்பத்திரி பெஞ்சுலயே போச்சு. இவருக்கு மீட்டிங்காம். நாத்தனாருக்கு மயக்கம் வருமாம். எங்கம்மாவுக்கு முட்டி, மாமனாருக்கு நெஞ்சு, எல்லாத்துக்கும் துணைக்கு யாரு? நானு. அந்த டெட்டால் வாசன பட்டாலே எனக்கு இப்பல்லாம் குமட்டுது. இனிமே எவளாவது ஆஸ்பத்திரிக்கு வான்னு கூப்பிடட்டும், அங்கேயே படுத்துடுவேன் பாத்துக்கோ."

குச்சி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டை வரைக்கும் வந்த வாக்கியம் திரும்பிப் போயிற்று.

"உனக்கென்ன குச்சி, குடுத்து வெச்சவ. ஏன்னு கேக்க ஆளில்ல, எங்கன்னு கேக்க ஆளில்ல. நெனச்சா தூங்கலாம், நெனச்சா எந்திரிக்கலாம்."

"ஆமா" என்றாள் குச்சி. "கேக்க ஆளில்ல."

"அதத்தான் சொல்றேன்!" என்று ரேடியோ அவள் தொடையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஐஸ் தண்ணீர் எடுக்க எழுந்து போனாள். போகிற போக்கிலும் பேசிக்கொண்டே போனாள்.

மூன்றாவது ஆள்தான் மிச்சம். குச்சி நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தி, கண்ணைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு, தொப்பிக்கு அடியில் இருந்தவளிடம் மெல்லக் கேட்டாள். "ஏய், தூங்கறியா? வியாழக்கிழமை எனக்கு ஒரு ஆபரேஷன். கூட வர்றியா?" ஒத்திகை பார்த்த மாதிரியே கச்சிதமாக வந்துவிட்டது. அவளுக்கே ஆச்சரியம்.

"ம்ம்" என்றது தொப்பி.

குச்சியின் நெஞ்சு ஒரு தரம் துள்ளியது. அடுத்த கணம் தொப்பிக்குள்ளிருந்து குறட்டை வந்தது. பிளாஸ்டர் தாடையே தேவலை என்று அவள் நினைத்துக்கொண்டாள். சிரிப்புத்தான் வந்திருக்க வேண்டும். அழுகை வந்தது. விசிலை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

வெயில் சாய ஆரம்பித்தபோது டைல்ஸ் வியாபாரி சீட்டைப் போட்டுவிட்டு எழுந்து, "யாருக்கெல்லாம் ஐஸ்கிரீம்?" என்று கூவினார். அதற்கப்புறம் அங்கே காது கேட்கிற நிலைமை இல்லை. குச்சி விசிலை நீளமாக ஊதி, எல்லாரையும் கரையேற்றி, ஏழு தலையையும் எண்ணி, கடைக்குட்டியின் கைப்பட்டையைக் கழற்றி, குளத்துக் கேட்டைச் சாத்திப் பூட்டினாள். அவள் முந்தானை முதல் முழங்கால் வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. "ஒரு நிமிஷம், சேலைய மாத்திட்டு வந்துடறேன்" என்று பொதுவாக எல்லாரையும் பார்த்துச் சொல்லிவிட்டு மாடிக் குளியலறைக்கு ஓடினாள். பொதுவாகச் சொன்னது தப்பு. சட்டம் போட்டவளுக்கே அது அப்போது தோன்றவில்லை.

மாற்றிக்கொண்டு இறங்கி வந்தாள். கூடம் காலி. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. தரையெல்லாம் சின்னச் சின்ன ஈரக் காலடிகள், எல்லாம் வாசலைப் பார்த்துப் போயிருந்தன. வாசலில் மூன்று கார் நின்ற இடத்தில் மூன்று எண்ணெய்க் கறை.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிள்ளைகள் ஒளிந்து விளையாடுகின்றன என்றுகூட நினைத்தாள். அப்புறம் புரிந்தது. மகாராணி காரில் இருப்பாள் என்று ரேடியோ, ரேடியோ காரில் இருப்பாள் என்று தூங்குமூஞ்சி, அவரவர் தங்கள் பிள்ளைகளை எண்ணிக் கதவைச் சாத்தியிருப்பார்கள். நாள் பூராவும் அவள் எல்லாரையும் எண்ணினாள். எண்ணுகிறவளை எண்ணுகிற வழக்கம் அந்தக் கூட்டத்தில் கிடையாது.

கைபேசி கூடத்து மேசைமேல் இருந்தது. அதன் முன்னால் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும் யாராவது, "குச்சி எங்க?" என்று கேட்பார்கள். உடனே போன் அடிப்பார்கள். அய்யய்யோ என்று மகாராணி கத்துவாள், வண்டியைத் திருப்புவார்கள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஃப்ரிட்ஜ் உறுமி அடங்கியது, மறுபடி உறுமியது. கைபேசி கல் போலக் கிடந்தது.

தானே கூப்பிடலாம்தான். கூப்பிட்டால் ஓடி வருவார்கள். வந்து கட்டிப் பிடித்துக்கொண்டு, ஆளாளுக்கு மன்னிப்புக் கேட்டு, அப்புறம் ஒருத்தி மேல் ஒருத்தி பழி போட்டு, ஒருத்தி அழுதாலும் அழுவாள். தன்னை மறந்துபோனவர்களைத் தேற்றுகிற வேலையும் தன் தலையில்தான் விழும். அந்தச் சுமை வேண்டாம் என்று குச்சி எழுந்தாள். பையிலிருந்து கருநீல நீச்சல் உடையை எடுத்தாள்.

யாரும் பார்க்காமல் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பதும் அவள் போட்ட சட்டம்தான். கழுத்தில் விசிலோடு, தன் சட்டத்தைத் தானே மீறி, படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினாள். இத்தனை வருஷம் வெளியே இருந்து பார்த்த தண்ணீர் உள்ளே வேறு மாதிரி இருந்தது. மேலே வெதுவெதுப்பு, காலடியில் ஜில்லென்று. ஒரு பிளாஸ்டிக் வாத்து மட்டும் மூலையில் மிதந்தது. குச்சி ஒரு முறை அந்தக் கோடிவரை நீந்திப் போனாள், திரும்பி வந்தாள். விடுதிக் காலத்தில் நாலு பேரில் அவள்தான் நன்றாக நீந்துவாள், அது இப்போது யாருக்கும் ஞாபகமிருக்காது. மல்லாந்து படுத்தாள். காதுக்குள் தண்ணீர் புகுந்ததும் உலகத்தின் சத்தம் மொத்தமும் அணைந்தது. தன் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. கட்டி இருந்த இடத்தின் மேல் கையை வைத்துக்கொண்டாள். இப்படியே மூழ்கிப்போனால் ஐஸ்கிரீம் தின்று முடியும்வரை ஒருத்தருக்கும் தெரியாது என்று தோன்றியது. பயமில்லை, துக்கம்கூட இல்லை, வெறும் தனிமை. வானத்தைப் பார்த்தபடியே அழுதாள். தண்ணீருக்குள் அழுவதில் ஒரு சௌகரியம், துடைக்க வேண்டியதில்லை.

கார்கள் திரும்பியபோது அவள் உடை மாற்றி, துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு, கூடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பப்பா, என்ன கூட்டம்!" என்று ரேடியோ முதலில் நுழைந்தாள். "கடை வாசல்ல வண்டி நிறுத்த இடமே இல்ல. அங்கங்க தெருவுல நின்னு, காருக்குள்ளயே சாப்பிட்டு, சீட்டெல்லாம் பிசுபிசுன்னு. குச்சி, உங்க வண்டியில ஏ.சி. போட்டாங்களா? எங்க வண்டியில வெந்துட்டோம். ஆமா, நீ என்ன சாப்பிட்டே?"

குச்சி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். விளையாட்டா என்று பார்த்தாள். இல்லை, நிஜமாகவே கேட்கிறாள்.

"வெனிலா" என்றாள் குச்சி.

அவள் வாய் சொன்ன பொய் அது. யார் மனமும் நோகக் கூடாது என்று பழகிப்போன வாய். ரேடியோவும் "அதுதான் நல்லது, அந்த மாம்பழம் ஒரே சக்கரை" என்று சொல்லி நகர்ந்துவிட்டாள். பின்னாலேயே மகாராணி வந்தாள். "தலைய அதுக்குள்ள அலசிட்டியா? எமகாதகி!" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். தூங்குமூஞ்சி கொட்டாவி விட்டபடி சாய்வு நாற்காலியைத் தேடினாள். "விசில் அத்தை, கேட்டத் திறங்க!" என்று பிள்ளைகள் கம்பியைப் பிடித்து உலுக்கின. அவள் எழுந்து போய்த் திறந்தாள். ஏழும் தண்ணீரில் விழுந்தன. பெரியவர்கள் பெருமூச்சு விட்டு அவரவர் நாற்காலியில் சரிந்தார்கள். ஆண்கள் சீட்டுக்கட்டைத் தேடி உள்ளே போனார்கள். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இருட்டும், எல்லாரும் கிளம்புவார்கள், அப்புறம் வியாழக்கிழமை வந்துவிடும்.

குச்சி விசிலை எடுத்து நீளமாக ஊதினாள்.

அப்படி ஒரு ஊதல் அந்த வீட்டில் கேட்டதில்லை. பிள்ளைகள் உறைந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, கையைத் தூக்கின. ரேடியோ கையிலிருந்த டம்ளரைத் தவறவிட்டாள். தூங்குமூஞ்சி தூக்கத்தோடு எழுந்து, "குட்டி! குட்டி எங்க?" என்று குளத்தைப் பார்த்து ஓடினாள். மகாராணிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஏழும் இருக்கு" என்றாள் குச்சி. "பயப்படாதீங்க. பசங்களுக்கு ஒண்ணும் இல்ல. பெரியவங்கள எண்ணலாம்னுதான் ஊதினேன்."

"என்னடி சொல்றே? உசிரே போயிடுச்சு" என்று மகாராணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் யார் கார்ல வந்தேன்?"

மூன்று பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். "உன் வண்டிலதானே?" என்று மகாராணி ரேடியோவிடம் மெல்லக் கேட்டாள். "இல்லையே, உன்கூட..." என்று ரேடியோ தூங்குமூஞ்சியைப் பார்த்தாள். தூங்குமூஞ்சி தலையை மட்டும் ஆட்டினாள்.

"நான் வரவே இல்ல. இங்கதான் இருந்தேன். வெனிலான்னு சொன்னது பொய். பரவாயில்ல, அத விடுங்க, அதுக்காக ஊதல." அவள் நிறுத்தவில்லை. "எனக்கு மார்ல ஒரு கட்டி இருக்கு. வியாழக்கிழமை எடுக்கறாங்க. கூட ஆளில்லாம வரக் கூடாதுன்னு ஏற்கெனவே ஒரு தடவ திருப்பி அனுப்பிட்டாங்க. காலைலேர்ந்து உங்க மூணு பேர் கிட்டயும் கேக்கப் பாத்தேன்."

அவ்வளவுதான், மூன்று பேரும் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். "அடிப்பாவி, இத மனசுல வெச்சிக்கிட்டா உக்காந்திருந்தே!" என்று மகாராணி அவள் கையைப் பிடித்தாள். "ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நாங்கல்லாம் எதுக்குடி இருக்கோம்?" என்றாள் தூங்குமூஞ்சி. கண் கலங்கியிருந்தது, பொய்யில்லை. "நாங்க இருக்கோம், நீ எதப் பத்தியும் கவலப்படாத. யாராவது வந்துடுவோம். இதப் போய்ப் பெரிய விஷயமா..." என்று மகாராணி அவளை அணைத்துக்கொண்டாள்.

குச்சி அந்த அணைப்பிலிருந்து மெல்ல விலகினாள். கழுத்திலிருந்து விசிலைக் கழற்றினாள். கயிற்றைப் பிடித்து நீட்டினாள்.

"யாராவதுன்னு சொல்லாதீங்கடி. எல்லாரும்னும் சொல்லாதீங்க. ஒருத்தி வாங்கி மாட்டிக்கோங்க."

விசில் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மகாராணி ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். "வியாழன்னா... சின்னவனுக்கு அன்னிக்குத்தான் போட்டி, இவரும் ஊர்ல இல்ல, வேணும்னா மத்தியானத்துக்கு மேல..." என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். தூங்குமூஞ்சி, "புதன் ராத்திரி எனக்கு ஷிப்ட். முடிச்சிட்டு நேரா வந்துடலாம், ஆனா அங்க உக்காந்து தூங்கிட்டேன்னா..." என்று தன்னைத் தானே நொந்துகொண்டாள். இரண்டும் நிஜம்தான். நிஜமாக இருப்பதால் வலி குறைந்துவிடுமா என்ன? சுவரைப் பிடித்துக்கொண்டு ஏழு பிள்ளைகளும் கையை இறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தன. குச்சியின் நீட்டிய கை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கத் தொடங்கியது.

ரேடியோ வந்து விசிலை வாங்கினாள். ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து அங்கே யாரும் பார்த்ததில்லை. கயிறு தோட்டில் மாட்டிக்கொண்டது. அதை எரிச்சலோடு விடுவித்து மாட்டிக்கொண்டாள். குச்சியின் நாற்காலியில் உட்கார்ந்து, "கையக் கீழ போடுங்க, விளையாடுங்க" என்று பிள்ளைகளிடம் சொன்னாள். பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் தட்டிக் காட்டினாள்.

குச்சி உட்கார்ந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"எத்தன மணிக்கு?" என்றாள் ரேடியோ, தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"விடியக்காலைலயே வரச் சொல்லியிருக்காங்க. உனக்குத்தான் ஆஸ்பத்திரி வாசன..."

"வாந்தி வந்தா எடுத்துட்டு வந்து உக்காருவேன். எப்ப பாத்தே கட்டிய?"

"குளிக்கும்போது."

"வலிக்குதா?"

"இல்ல. வலிச்சிருந்தா முன்னாடியே போயிருப்பேன்."

"திருப்பி அனுப்பினாங்களே, அன்னிக்கு வீட்டுக்கு எப்படிப் போனே?"

"பஸ்ல."

ரேடியோவின் உதடு கோணியது. கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, துடைத்தால் ஒரு கணம் பார்வை மறையும், சட்டம் அப்படி. நீர் அதுபாட்டுக்கு இறங்கி மோவாயில் நின்றது. குச்சி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது, கண்ணுக்கடியில் தோல் தளர்ந்திருந்தது, இதெல்லாம் எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. ரேடியோ தண்ணீரைப் பார்த்தபடியே ஒவ்வொன்றாகக் கேட்டாள். குச்சி அவள் முகத்தைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள்.